கடற்குதிரையின் வால் வெளுக்கிறது: உணவா, வெப்பமா?

வாவிக்கரையான் (கல்லடி):
வணக்கம். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு சோடி கடற்குதிரைகளை மூன்று மாதங்களுக்கு முன் கொழும்பிலிருந்து வாங்கி வந்தேன். தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. கடலில் அள்ளிய நீரையே பயன்படுத்துகிறேன். பத்து நாட்களுக்கு முன், வாவியில் வலை இழுக்கும் ஒருவர் தந்த குழல்மீன் ஒன்றையும் அதே தொட்டியில் விட்டேன். இப்போது ஆண் கடற்குதிரை இரண்டு நாட்களாக இரை எடுக்கவில்லை. அதன் வால் நுனி வெளுத்திருக்கிறது, மூச்சும் வேகமாக வாங்குகிறது. உறையவைத்த மைசிஸ் இறாலைக் காலையும் மாலையும் கொடுக்கிறேன். நண்பகலில் நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் வரை போகிறது. மைசிஸ் அலுத்துவிட்டதோ என்று எண்ணுகிறேன். அதற்குப் பதிலாக இங்கே கிடைக்கும் கூனி இறாலைக் கொடுக்கலாமா?

உப்புக்காற்று (பாசிக்குடா):
உணவைப் பிறகு பார்ப்போம். 30 பாகைதான் முதற் பிரச்சினை. நம் கடலில் வாழும் உயிருக்கு நம் வெப்பம் ஒத்துக்கொள்ளாதா என்று நானும் முன்பு வாதாடியவன்தான். ஆனால் கடலில் ஓயாமல் புதிய நீர் வந்து போகிறது. நாலு கண்ணாடிச் சுவருக்குள் அப்படி இல்லை. வெப்பம் ஏறும்போது விப்ரியோ வகைப் பக்டீரியாக்கள் பெருகுவதும், நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவதும் ஒன்றாக நடக்கின்றன. வால் வெளுத்துப் புண்ணாவது பெரும்பாலும் அந்தப் பக்டீரியாக்களின் வேலை. ஆகவே, வெப்பமண்டல இனமானாலும் தொட்டியில் 22 முதல் 25 பாகைக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பானது.

குளிரூட்டி வாங்க வசதியில்லாவிட்டால், தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிடுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் நீர் விரைவாக ஆவியாவதால் இரண்டு மூன்று பாகை குறையும். காற்றில் ஈரம் கூடிய நாட்களில் அவ்வளவு பயன் கிடைக்காது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவைக் கடல்நீரால் நிரப்பாமல் உப்பில்லாத தூய நீரால் நிரப்ப வேண்டும். ஐஸ் போத்தலை மிதக்கவிடுவது அவசரத்துக்குச் சரி. ஆனால் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் மீன் இன்னும் சோர்ந்துவிடும்.

மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி நீர் கடலில் கலக்கும்போது, கரையோரக் கடல்நீரின் உப்பு இறங்கிவிடுவதையும் கவனியுங்கள். உப்புமானி காட்டும் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.022க்கும் 1.025க்கும் இடையில் நிலையாக இருக்கட்டும்.

ஆழிநீர் (அக்கரைப்பற்று):
மேலே உள்ளவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்று மாதங்கள் தாக்குப்பிடித்த கடற்குதிரை, குழல்மீன் வந்து பத்தே நாட்களில் நோயுற்றதை அவர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். வாவியில் பிடித்த மீன் தன்னோடு ஒட்டுண்ணிகளையும், தொட்டியில் பிறந்தவை அதுவரை சந்தித்திராத கிருமிகளையும் கொண்டு வரக்கூடும். போதாக்குறைக்கு, அசையும் உயிருணவைத் தவிர வேறெதையும் அது எளிதில் ஏற்காது. அதை இன்றே பிரித்துவிடுங்கள். உங்கள் தொட்டியில் பழகிய மீனை வாவியில் திரும்ப விடவும் வேண்டாம். தனித் தொட்டியொன்றில் வையுங்கள்.

நோயுற்ற ஆணையும் வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றி, சில மணித்தியாலங்கள் எடுத்து வெப்பநிலையை 22 பாகைக்கு மெல்ல இறக்குங்கள். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்பட்டால் கால்நடை வைத்தியரிடம் கேட்டு அங்கேயே கொடுங்கள். பிரதான தொட்டியில் கலந்தால் வடிகட்டியில் அமோனியாவை மாற்றும் நல்ல பக்டீரியாக்களும் மடிந்துபோகும்.

உலர்ந்த கூனி வேண்டாம். உப்பேறி விறைத்துப்போனதை அவை தொடுவது அரிது. பச்சைக் கூனியானால் கழுவி, உறையவைத்த பின் கொடுக்கலாம். கடற்குதிரைக்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது. உண்டது விரைவாகக் குடலைக் கடந்துவிடுவதால், ஒரே வேளையில் நிறையக் கொட்டுவதைவிடச் சிறிது சிறிதாக இரண்டு மூன்று வேளை கொடுப்பதே நல்லது. எஞ்சியதை அரை மணித்தியாலத்துக்குள் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடியில் அழுகும் இறால்தான் பக்டீரியாவுக்குப் பந்தி.

வாவிக்கரையான்:
இருவருக்கும் நன்றி. குழல்மீனைப் பிரித்துவிட்டேன். ஆணை வாளித் தொட்டிக்கு மாற்றி, விசிறி போட்டிருக்கிறேன். இப்போது 26 பாகை. வாலால் பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை, அடியில் படுத்துக்கிடக்கிறது. என்ன வைக்கலாம்? மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

உப்புக்காற்று (பாசிக்குடா):
பிளாஸ்ரிக் செடி அல்லது முடிச்சிட்ட நைலோன் கயிறு போதும். பிடிமானம் இல்லாவிட்டால் அது நீந்தியே களைத்துவிடும். மின்வெட்டுக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை வாங்கி வையுங்கள். பெரிய குமிழ்கள் வரும்படி மெதுவாக ஓடவிடுங்கள். இன்றிரவு இரை போட வேண்டாம், நாளைக் காலை உயிருள்ள ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிரி) காட்டிப் பாருங்கள். அது கண்ணை உருட்டி அதைப் பின்தொடர்கிறதா என்று எழுதுங்கள்.