காணொலி நடுவர் இருந்தும் தவறு ஏன்?

கீழக்கரை ரசிகர்:
கால்பந்தில், 2023 விதிப்படி, கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கில் மட்டுமே, அதுவும் தெளிவான தவறு நேர்ந்தாலோ பெரிய நிகழ்வு நடுவர் கண்ணில் படாமல் போனாலோதான், ‘வார்’ எனப்படும் காணொலி நடுவர் தலையிட முடிந்தது. அப்படியிருந்தும் 2023 செப்டம்பரில் டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோல் எப்படிப் பறிபோனது?

தொண்டி:
காக்கா, அங்கே கருவி பிழைக்கவில்லை. களத்தில் ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைத் தாண்டி முன்னால் நின்று ஆடும் தவறு) கொடி உயர்ந்ததைக் கவனியாத காணொலி நடுவர், கோல் வழங்கப்பட்டதாகவே எண்ணிச் சரிபார்ப்பு முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் விதிப்படி திரும்பிச் செல்ல வழியில்லாமல் போயிற்று. நடுவர்களின் அந்த உரையாடல் பதிவைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

பாம்பன்:
2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடைக் கணிக்க 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. ஆஃப்சைடுக்கு அது போதும். கையில் பட்டது குற்றமா என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏர்வாடி:
நம் கடலோரப் போட்டிகளைப் பற்றியும் பேசுவோம். கடற்காற்றில் சுண்ணாம்புக் கோடு மணலோடு கலைந்துவிட, மாலை வெயில் முகத்தில் அடிக்க நிற்கும் துணை நடுவரை, யாரோ செல்பேசியில் எடுத்த கோணலான காட்சியைக் காட்டித் திட்டுவது அநியாயம். கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக ஓடி நிற்க அவருக்குப் பயிற்சி கொடுங்கள்; பரிசுத் தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம்.