ஹெட்செட் இல்லாதவ விஆர்ல பிஎச்டி பண்ண முடியுமா?

கொக்கிரகுளம்காரி:
எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் இந்த மே மாசத்தோட முடியுது. விஆர் (கண்ணுல ஹெட்செட் மாட்டி வேற ஒலகத்துக்குள்ள இருக்க மாதிரி பாக்குறது), ஹெச்சிஐ (மனுசங்க கம்ப்யூட்டரோட எப்படிப் பழகுறாங்கன்னு படிக்கிறது) பக்கம் ஆராய்ச்சிக்குப் போகணும்னு ஆசை. நான் போட்டுப் பாத்தது போன் செருகுற அட்டைக் கண்ணாடி ஒண்ணுதான். 10 நிமிசத்துல குமட்டிருச்சு. அம்மா பீடி சுத்துறாங்க. "அஞ்சு வருசம் படிச்சு என்ன வேலைட்டி பாப்ப?"ன்னு கேக்காங்க. பதில் சொல்லத் தெரியல. கேம் பண்றதுக்குத்தானா இது?

வண்ணாரப்பேட்டையான்:
தங்கச்சி, மொதல்ல சென்னைல ஐடி வேலைக்குப் போ. வீட்டுக்குச் சம்பளம் வரட்டும். விஆர் எங்கயும் ஓடிராது.

பத்தமடைக்காரன்:
வே, பிள்ளையக் குழப்பாதீரும். தாயி, 11 வருசமா இதுலதான் கெடக்கேன், கேளு.

ஒரு ஐப்பசி மழையில குறுக்குத்துறைல வெள்ளம் ஏறுறத 360 டிகிரி கேமராவுல எடுத்து வச்சிருந்தேன். பொங்கலுக்கு வந்தப்ப ஆச்சிக்கு ஹெட்செட்ட மாட்டிவிட்டேன். வீட்டுல பாய்லதான் உக்காந்திருக்கா. தண்ணி கிட்ட வரவும் ரெண்டு கையாலயும் சேலையத் தூக்கிப் பிடிச்சுட்டா. கழட்டினப்புறம் சொன்னா: "கண்ணுக்குத் தண்ணி இருக்குல, காலுக்கு இல்லையே."

விஆர் ஆராய்ச்சியாளர் மெல் ஸ்லேட்டர் 2009ல இத ரெண்டாப் பிரிச்சு எழுதினாரு. அந்த எடத்துலயே இருக்கோம்ங்கிற உணர்வு ஒண்ணு, அங்க நடக்கது நெசந்தான்ங்கிற உணர்வு இன்னொண்ணு. வீட்டுலதான் இருக்கோம்னு ஆச்சிக்குத் தெரியும். தெரிஞ்சும் கை சேலைக்குப் போச்சுல்லா, அந்தக் கையத்தான் நாங்க அளக்கோம்.

ஒன் குமட்டலும் ஆராய்ச்சிதான். மாஞ்சோலை பஸ்ல போனப் பாத்துக்கிட்டே போனா, காதுக்குள்ள இருக்க உறுப்பு ஆடுதுங்கும், கண்ணு ஆடலைங்கும். விஆர்ல அதத் தலைகீழாப் போட்டுக்கோ. போதாததுக்கு அந்த அட்டைக் கண்ணாடிக்கு நீ தலையத் திருப்புறது தெரியும், தலை முன்னால நகர்றது தெரியாது. நீ நகந்தா ஒலகமும் கூடவே நகரும். பெறகு வயிறு சும்மா இருக்குமா? இத அளக்க 1993லயே 16 அறிகுறி வச்சு ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, இன்னைக்கும் அதான் ஓடுது.

நான் கோட்ட விட்டதையும் சொல்லுதேன். பாய் நெய்யப் பழக்குறதுக்கு ஒரு விஆர் 8 மாசமா எழுதினேன். 30 வருசமா நெய்யுத அக்கா ஒருத்தங்க கண்ட்ரோலரப் பிடிச்சுப் பாத்துட்டு 5 நிமிசத்துல கீழ வச்சுட்டாங்க. "கோரை ஈரம் வெரலுக்குத் தெரியணும்லா தம்பி." அவ்ளோதான், 8 மாசம் போச்சு. ஏன் தோத்துச்சுன்னு எழுதின பேப்பரையும் மொதத் தடவ திருப்பி அனுப்பிட்டாங்க.

ஹெட்செட்டெல்லாம் சேந்தப்புறம் லேப்ல தருவாங்க. இப்ப ஒண்ணு செய்யி. அம்மா பீடி சுத்தும்போது 1 மணி நேரம் பக்கத்துல உக்காரு. கண்ணு எப்ப கைக்கு வருது, எப்ப டிவிக்குப் போகுதுன்னு எழுது.

கடையம் டூ பவாய்:
அண்ணாச்சி காசு விசயத்த விட்டுட்டாங்க. நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, ரெண்டு வருசம் கழிச்சு 42,000. பாதி மாசம் லேட்டாத்தான் வரும், கையில கொஞ்சம் வச்சுக்கோ. டிசைன் பக்கம் போறதுன்னா பம்பாய் ஐஐடில ஐடிசிங்கிற டிசைன் பள்ளியப் பாரு. சென்னை ஐஐடியிலயும் விஆருக்குன்னே எக்ஸ்டிஐசின்னு ஒரு மையம் இருக்கு. புள்ளியியல மட்டும் விட்டுராத, நான் விட்டுட்டு ஒரு வருசம் அழுதேன். ஹெச்சிஐக்குன்னு நடக்குற சிஹெச்ஐ மாநாட்டுப் பேப்பருக்குக் கெடு செப்டம்பர்ல வரும். ஆவணில எந்தக் கல்யாணத்துக்கும் நான் போனதில்ல.

கொக்கிரகுளம்காரி:
அண்ணாச்சி, உக்காந்து பாத்தேன். ஒரு பீடிக்கு ரெண்டு தடவதான் கண்ணு சுளகுக்கு வருது: இலை எடுக்கும்போது ஒண்ணு, நூல் கட்டும்போது ஒண்ணு. மத்த நேரம் பூரா சீரியல்தான். நாடகத்துல சண்ட வந்தா கை மெதுவாகும்னு நெனச்சேன், இன்னும் வேகமாத்தான் போகுது. ஏன்னு தெரியல. "இத எண்ணுறதுக்கா காசு குடுக்கான்?"னு அம்மா சிரிக்காங்க. நாளைக்கு டிவிய அணைச்சுட்டு எண்ணப் போறேன், அதுக்குத்தான் இன்னும் சம்மதிக்கல.