கட்டண விவரப் பக்கம்: ஒரே எண் போதுமா?

கணக்குப்புள்ளி:
ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம் ஒன்றின் தகவல் ஏட்டைத் திருத்தி எழுதுகிறோம். இப்போது ‘மேலாண்மைக் கட்டணம் 0.9%’ என்று ஒரே வரி, மற்றதெல்லாம் அடிக்குறிப்பில். எல்லாவற்றையும் கூட்டி ஒரே சதவீதமாகப் போட்டால் போதுமா? பங்குகளை வாங்கி விற்கும் செலவையும் அதில் சேர்ப்பதா?

நிகரமதிப்பு:
சதவீதம் மட்டும் போட்டால் நிலைக்கட்டணம் ஒளிந்துகொள்ளும். ஒரு திட்டம் ஆண்டுக்கு 600-உடன் 0.4% பிடிக்கிறது, இன்னொன்று வெறும் 0.9%. இருப்பு 1,20,000 ஆனால்தான் இரண்டும் சமம். 20,000 மட்டும் வைத்திருப்பவருக்கு முதல் திட்டத்தில் 680 போகும், அதாவது 3.4%. இரண்டாவதில் 180தான். அதனால் சிறிய, நடுத்தர, பெரிய இருப்பு மூன்றுக்கும் ஆண்டுச் செலவைப் பணத்தொகையாகவே காட்டுங்கள்.

நீண்டகாலக் கணக்கும் ஒன்று வையுங்கள். 1,00,000 போட்டு, செலவுக்கு முன் ஆண்டுக்கு 7% வளர்ந்தால், 30 ஆண்டில் 0.5% செலவுள்ள திட்டத்தில் சுமார் 6.61 லட்சம் நிற்கும், 1.5% என்றால் 4.98 லட்சம். ‘ஒரு சதவீதம்தானே’ என்பவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

உள்நிதி:
பெரும்பாலும் நழுவுவது உள் ஃபண்டுகளின், அதாவது உங்கள் திட்டம் பணம் போட்டிருக்கும் வேறு ஃபண்டுகளின், கட்டணம். அது அந்த ஃபண்டின் யூனிட் விலையிலேயே கழிந்துவிடுவதால் உங்கள் பேரேட்டில் பில்லாக வராது. சொத்தில் 30% அப்படி ஒரு ஃபண்டில் இருந்து, அது 1.2% பிடித்தால், உங்கள் கணக்கில் 0.36% கூட வேண்டும். இதை விட்டால், நேரடியாக முதலீடு செய்யும் திட்டம்தான் வீணாக விலை அதிகமாகத் தெரியும்.

வாங்கி விற்கும் செலவைத் தனி வரியில் போடுங்கள். தரகும் தீர்வைகளும் பேரேட்டில் கிடைக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல், ஆர்டர் போன நேரத்து விலையோடு முடிந்த விலையை ஒப்பிடும் முறை வந்தது. சந்தை ஏற்ற இறக்கமும் அதில் கலந்துவிட, சில ஃபண்டுகளுக்குச் செலவு மைனஸில் வந்தது! கணக்குப்படி முறை சரிதான், படிப்பவருக்குத்தான் பயனில்லை. ஒரே ஆண்டை நம்பாமல் சில ஆண்டுச் சராசரி எடுங்கள். உங்கள் திட்டத்தின் யூனிட்டை வாங்குபவரிடமும் விற்பவரிடமும் விலை வித்தியாசமாகத் திட்டம் ஏற்கெனவே வசூலித்ததைக் கழிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

லாபம் வந்தால் அதில் ஒரு பங்காகப் பிடிக்கும் கட்டணத்துக்கும் சராசரிதான். போன ஆண்டு பிடிக்கவில்லை என்று 0 போடுவது சட்டப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் ஏமாற்று.

கணக்குப்புள்ளி:
உள் ஃபண்டு ஒன்று ஏடு அச்சாகும் முன் எண்ணைத் தருவதே இல்லையே?

உள்நிதி:
அதன் முந்தைய ஆண்டுக் கணக்கை வைத்து மதிப்பிட்டு, அந்த எண்ணின் பக்கத்திலேயே ‘மதிப்பீடு’ என்று போடுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. உண்மை எண் வந்ததும் இணையப் பதிப்பில் மாற்றுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் கூட்டும் மென்பொருள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.