மூன்றாம் டிடெக்டரை மூடிய துணி

பெரியப்பா: நாளைக் காலை எட்டு மணிக்குப் புதிய கரைப்பான் கொட்டகையில் ஃபிளேம் டிடெக்டர், அதாவது தீச்சுடரைக் கண்டறியும் கருவி, பொருத்துபவர்கள் வருகிறார்கள். எத்தனை, எங்கே என்பதை இன்றிரவே முடிவு செய்துவிட வேண்டும். வழக்கம்போல எல்லோரும் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். பாதிச் சொல்லில் வரும் பதில்கள் எனக்குப் புரிவதில்லை.

சித்தப்பா: மூன்று போதும்.

அத்தை: அண்ணன் முழு வாக்கியம் கேட்ட அடுத்த நொடியே இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய், தம்பி.

சித்தப்பா: மூன்று டிடெக்டர்கள் போதும் என்று நான் கருதுகிறேன். இப்போது சரியா, அக்கா?

அண்ணன்: எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் பேச்சு தடம் மாறிவிடும், சித்தப்பா. இந்தக் கருவி புகைக்கோ வெப்பக்காற்றுக்கோ காத்திருப்பதில்லை. சுடரிலிருந்து வரும் கதிரைத் தன் கண்ணால் நேராகப் பார்க்கிறது. கண்ணுக்கும் தீக்கும் நடுவே ஒரு டிரம் அடுக்கு நின்றால், அதற்குப் பின்னால் எரிவது அதற்குத் தெரியாது. பார்வை ஏறத்தாழ 90 பாகைக் கூம்பாக விரிந்தாலும் கூம்பின் ஓரத்தில் கூர்மை குறைந்துவிடும். தூரம் இரட்டித்தால் அதே அளவு சமிக்ஞையைப் பெற நான்கு மடங்கு பெரிய தீ வேண்டும். விவரத்தாளில் போட்டிருக்கும் தூரம், பெரும்பாலும் 0.1 சதுர மீட்டர் தட்டில் ஹெப்டேன் என்ற எரிபொருளை எரித்துப் பார்த்தது. நாம் கையாளும் மெத்தனால் அவ்வளவு கதிரை வீசாது என்பதால் அந்தத் தூரத்தை அப்படியே நம்பி இடம் குறிக்கக்கூடாது. கருவி செய்தவர்கள் ஒவ்வோர் எரிபொருளுக்கும் தனித்தனியாகத் தூரம் கொடுத்திருக்கிறார்கள். மெத்தனாலுக்கு உரிய வரியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அத்தை: இவ்வளவையும் படிப்பதற்குள் தீ அணைந்துவிடும்.

நான்: மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கே சுடர் சரியாகத் தெரியாது, அத்தை. அதற்காகத்தான் இந்தக் கருவியையே வாங்குகிறோம்.

சித்தப்பா: கருவிக்கு மட்டும் தெரிந்துவிடுமா? போன தடவை வாங்கிய மாதிரிக் கருவியின் முன் நான் டார்ச் அடித்தபோது அது அசையவே இல்லை.

அத்தை: அரை மணி நேரம் டார்ச் அடித்துவிட்டுக் கருவி செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பினாயே, அதைச் சொல்கிறாயா?

அண்ணன்: டார்ச்சுக்கு அசையாமல் இருந்ததுதான் அதன் சிறப்பு, சித்தப்பா. கரிமம் உள்ள எரிபொருள் எரியும்போது சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. சூரிய ஒளியில் அந்தப் பகுதியை வளிமண்டலத்திலுள்ள அதே வாயு பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், அங்கே பார்க்கும் கருவி வெயிலைக் கண்டு எளிதில் ஏமாறாது. இப்போது வாங்கியிருப்பது மூன்று அகச்சிவப்பு உணரிகள் கொண்டது. ஒன்று 4.3 மைக்ரானைப் பார்க்க, மற்ற இரண்டும் அதன் இருபுறமும் பார்த்து, வருவது சுடரா, வெறும் சூடான இரும்பா என்று ஒப்பிடுகின்றன. சுடருக்கே உரிய துடிப்பும் சேர்ந்திருந்தால்தான் கருவி அலாரம் கொடுக்கும். டார்ச்சில் இவை எதுவுமே இல்லை.

சித்தப்பா: திருப்பி அனுப்பியது சரியில்லை என்று இப்போது எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன்.

பெரியப்பா: இதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நான்: வேறொன்று கேட்க வேண்டும். பழைய டிடெக்டர் வரிசையில் நேற்றிரவு அலாரம் இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டதாகக் காவலாளி சொன்னார். என்ன நடந்தது?

சின்னவன்: வெளியே கதவுத் தண்டவாளத்துக்கு வெல்டிங் நடந்தது.

பெரியப்பா: அலாரம் ஏன் அடித்தது என்பது புரிகிறது. ஏன் நின்றது என்றும் எழுது.

சின்னவன்: மூன்றாம் டிடெக்டரின் முகத்தில் துணியைக் கட்டிவிட்டு, பேனலில் பஸ்ஸரை நிறுத்தினேன், பெரியப்பா. வெல்டிங் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அத்தை: அவிழ்த்தாயா?

சின்னவன்: ஷிஃப்ட் மாறிவிட்டது.

அண்ணன்: அப்படியானால் நேற்றிரவிலிருந்து பம்ப் மூலையைப் பார்க்க ஆளே இல்லை. பழைய வரிசையில் இருப்பவை குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிரை மட்டும் பார்ப்பவை. வெயிலில் உள்ள அந்தக் கதிரை ஓசோன் தடுத்துவிடுவதால் அவை வெயிலுக்கு அசையாது. ஆனால் வெல்டிங் வில்லும் மின்னலும் அதே கதிரை வீசுவதால், கதவு திறந்திருந்தால் வெளியே தூரத்தில் நடக்கும் வெல்டிங்கும் அவற்றுக்குத் தீதான். இது கருவியின் கோளாறு இல்லை என்று பெர்மிட் படிவத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். வெல்டிங்குக்கு முன் பெர்மிட் வாங்கி, அணைப்பானைத் திறக்கப் போகும் வெளியீட்டை மட்டும் பேனலில் பைபாஸ் செய்து, அதாவது தற்காலிகமாகத் துண்டித்து, தீ காக்க ஓர் ஆளை நிறுத்தி, வேலை முடிந்து ஒரு மணி நேரம் அவரை அங்கேயே இருக்கச் செய்து, பிறகு பைபாஸை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பைபாஸ் போட்டால் பேனல் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். துணியைக் கட்டிப் பஸ்ஸரையும் நிறுத்திவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

சின்னவன்: மஞ்சள் விளக்கு எரிந்தது, அண்ணா.

அண்ணன்: எரியத்தான் செய்யும். தன் கண்ணாடி மறைந்திருக்கிறதா என்று அது தானே சோதித்துக்கொள்கிறது. "எனக்குக் கண் தெரியவில்லை" என்று அது இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சித்தப்பா: பையனை மட்டும் குறை சொல்ல வேண்டாம். இரவு ஷிஃப்டில் பெர்மிட்டில் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

அத்தை: பழைய கொட்டகை எரிந்த அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டோம். உயரக் கூரையில் இருந்த புகை டிடெக்டர் அடிப்பதற்குள் காவலாளியே ஓடிவந்து சொல்லிவிட்டார். ஃபிளேம் டிடெக்டர் அப்போது எதற்கு என்று சொன்னது யார் என்பது என் நினைவில் இருக்கிறது.

சித்தப்பா: அந்தக் கதையை இங்கே எடுக்க வேண்டாம், அக்கா.

பெரியப்பா: எடுக்க வேண்டாம். சின்னவனே, துணியை இப்போதே போய் எடு. மற்றவர்கள் நாளைய வேலையைப் பேசுங்கள்.

சித்தப்பா: நான் ஒரு யோசனை சொல்கிறேன். கரைப்பான் ஆவியும் தூசியும் படியாமல் புதியவற்றின் முன் ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டால் துடைக்கிற வேலையே இருக்காது.

அண்ணன்: அதுவும் துணி கட்டுவது போலத்தான், சித்தப்பா. சாதாரணக் கண்ணாடி 4.3 மைக்ரான் கதிரை உள்ளே விடாது. இந்தக் குறுகிய புற ஊதாக் கதிரையும் விடாது. நம் கண் அதன் வழியே பார்ப்பதால் கருவியும் பார்க்கும் என்று தோன்றுகிறது. கருவியில் இருப்பது சஃபயர் படிகத்தாலான சன்னல். அதன் முன் வேறெதுவும் வரக்கூடாது. தூசிக்கு மழைமறைப்பு மூடியும், கீழ்நோக்கிய சாய்வும், கையெட்டும் இடமும் போதும். ஏணி வைக்க முடியாத உச்சியில் மாட்டிவிட்டால் யாரும் ஏறித் துடைக்கப் போவதில்லை. அதிராத தூணில் பிராக்கெட்டை இறுக்கி, முகம் தொடுவானத்தைப் பார்க்காமல் தரையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கேபிள் கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து விட்டால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். பயன்படாத துளையில் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் அடைப்பானை விட்டுவிடாமல், தீச்சுடர் வெளியேறாத சான்றுள்ள உலோக அடைப்பானைத் திருக வேண்டும். மின்சாரம் இருக்கும்போது யாரும் மூடியைத் திறக்கக்கூடாது. கடைசிக் கருவியில் மின்னழுத்தம் 24 வோல்ட்டிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதை, அலாரம் நிலையில் வைத்து நானே அளந்து பார்ப்பேன்.

அத்தை: பொருத்தி முடித்ததும் ஒரு லைட்டரைக் கொளுத்திக் காட்டிப் பார்த்துவிடலாமே?

நான்: கரைப்பான் கொட்டகைக்குள்ளா, அத்தை?

அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன்: இந்தக் கருவிக்கென்றே ஒரு சோதனை விளக்கு இருக்கிறது, ஆவி நிற்கும் இடத்தில் பயன்படுத்தச் சான்றும் பெற்றது. அதைக் காட்டுவதற்கு முன் அணைப்பான் வெளியீட்டைக் கட்டாயம் பூட்ட வேண்டும். புதிய கொட்டகையில் இருப்பது, இடம் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடால் நிரப்பித் தீயை அணைக்கும் அமைப்பு என்பதை மறந்துவிட வேண்டாம். தீயை அணைக்கக் குறைந்தது 34 சதவீதம் அந்த வாயு நிறைய வேண்டும். அதற்குள் மாட்டிக்கொண்டவர் சில மூச்சுகளிலேயே நினைவிழப்பார். அதனால்தான் ஒரே கருவியின் பேச்சைக் கேட்டு வாயுவைத் திறக்கும்படி அமைக்கவில்லை. ஒரு கருவி பார்த்தால் அலாரம் மட்டும், இரண்டு பார்த்தால்தான் சைரனும், தாமதமும், பிறகு வாயுவும். அதற்கு ஒவ்வோர் இடத்தையும் குறைந்தது இரண்டு கருவிகள் பார்த்தாக வேண்டும். மூன்று வைத்தால் பம்ப் மூலையை ஒன்றுதான் பார்க்கும். மூன்று போதும் என்று நீங்கள் சொன்னதற்கு இதுதான் பதில், சித்தப்பா; நான்காவதும் வேண்டும்.

சித்தப்பா: டிரம் அடுக்கை நகர்த்திவிட்டால் மூன்றே பார்த்துவிடாதா?

அண்ணன்: நகர்த்திய அடுக்கு நகர்ந்த இடத்திலேயே இருக்கும் என்று நீங்கள் உறுதி தருகிறீர்களா?

சின்னவன்: இருக்காது, அண்ணா. இடம் போதாதபோது நாங்கள் தள்ளிவிடுவோம்.

பெரியப்பா: உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எதிரெதிர் மூலைகளில் மூன்று பிராக்கெட்டுகளை நாளை மாட்டட்டும்; நான்காவதற்குக் கேபிளை மட்டும் இழுத்து வைக்கட்டும். அடுக்கை நேரில் பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன்.

அண்ணன்: அதுவரை வாயு வெளியீட்டைப் பேனலோடு இணைக்க மாட்டேன், அப்பா.

பெரியப்பா: இணைக்காதே. பைபாஸ் சாவி யாரிடம் இருப்பது என்பதையும் பேச வேண்டும்.

சித்தப்பா: என்னிடம் இருக்கட்டும்.

அத்தை: டார்ச் இருப்பவரிடம் சாவியுமா?

சித்தப்பா: நாளைக் காலை பேசிக்கொள்வோம்.

நான்: சின்னவனே, துணியை எடுத்தாயா?

சின்னவன்: எடுத்துவிட்டேன். மஞ்சள் விளக்கு இன்னும் அணையவில்லை.

அண்ணன்: துணியின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டியிருக்கும், புற ஊதாக் கதிருக்கு அந்த மெல்லிய படலமே திரை. முதலில் அணைப்பான் வெளியீட்டைப் பைபாஸ் செய்து பதிவேட்டில் எழுது. மென்மையான சுத்தத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து மெதுவாகத் துடைத்து, பேனலை ரீசெட் செய், பிறகு பைபாஸை எடு. அப்போதும் அணையாவிட்டால் அந்தப் பம்பை ஓட்ட வேண்டாம், நான் வருகிறேன்.

சின்னவன்: பதிவேட்டின் சாவி அப்பாவிடம் இருக்கிறது.

சித்தப்பா: வந்துகொண்டிருக்கிறேன்.