பேட்டரி வட்ட ரம்பம்: மேல்பிடியா, பின்பிடியா?

உடுமலை மரவேலை (கேள்வி):
தோப்புச் சாளை, கட்டுத்தரைக் கூரை வேலைங்க. பாதி இடத்துல கரண்ட் இருக்காது. வெட்டறது 3க்கு 2 இஞ்ச் தென்னஞ்சட்டம், சில்வர் ஓக் ரீப்பர், அப்புறம் சென்டரிங்குக்கு 12 மி.மீ. ப்ளைவுட், 8க்கு 4 அடி ஷீட். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ரெண்டு கையில இருக்குது. மோட்டாருக்கு மேல கைப்பிடி இருக்கற 165 மி.மீ. மிஷினா, கைப்பிடி பின்னால தள்ளி நீளமா வர்ற 185 மி.மீ. மிஷினா? நான் வலது கைக்காரன். பிளேடு எந்தப் பக்கம் இருக்கோணும்ன்னும் சொல்லுங்க.

பல்லடம் தச்சு:
ஏணி மேலயும் கூரை மேலயும் வெட்டற வேலை உண்டுன்னா மேல்பிடிதாங்க. அதுல மிஷினோட கனம் உள்ளங்கைக்கு நேர் கீழ வரும். பேட்டரியோட மூணு, மூணரை கிலோதான். ஒரு கையில தூக்கிட்டு ஏறலாம், நட்டுவெச்ச சட்டத்தோட முனையைக் குறுக்க வெட்டும்போதும் மணிக்கட்டு தாங்கும். பின்பிடியில மோட்டாரும் பிளேடும் கைக்கு முன்னால தள்ளி நிக்கும். ஒரு கையில தூக்குனா மூக்கு தொங்கும். பேட்டரியோட அஞ்சு, ஆறு கிலோ. தோளுக்கு மேல அதை ரெண்டு கையாலயும் பிடிக்காம வெட்டவே கூடாது.

இன்னொண்ணு, பேட்டரியைப் பாருங்க. மக்கீட்டா கம்பெனியோட டிஆர்எஸ்780 பின்பிடிக்கு 18 வோல்ட் பேட்டரி ரெண்டையும் ஒரே சமயத்துல மாட்டோணும். உங்ககிட்ட இருக்கறதே ரெண்டு, அதுவும் மக்கீட்டாவா இருந்தாத்தான் மாட்ட முடியும். தீந்துதுன்னா தோப்புக்குள்ள வேலை நின்னு போகும். டீவால்ட் டிசிஎஸ்577 பின்பிடி 60 வோல்ட் ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரியில மட்டும்தான் ஓடும், அந்தக் கம்பெனியோட சாதா 18 வோல்ட் பேட்டரி அதுக்கு ஆகாது. 165 மி.மீ. மேல்பிடின்னா ஒரு பேட்டரி ஓடும், இன்னொண்ணு சார்ஜ்ல கெடக்கும்.

காங்கேயம் ஷெட்:
பல்லடத்துக்காரர் சொன்னது ஏணிக்குச் சரிங்க. ஆனா ஆழத்தை விட்டுட்டாரு. 165 மி.மீ. பிளேடு நேரா 57 மி.மீ. வரைக்கும் இறங்கும், 45 டிகிரி சாய்ச்சா 40-ஐ ஒட்டித்தான். 3க்கு 2 சட்டத்தைப் படுக்கப் போட்டா 2 இஞ்ச், அதாவது 50 மி.மீ. நேர்வெட்டு ஒரே ஓட்டத்துல முடிஞ்சிரும். கூரைச் சரிவுக்குச் சாய்வெட்டு வேணும்ன்னா முடியாது, திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும் வெட்டோணும். அங்கதான் கோடு சேராம படி விழும். 185 மி.மீ. மிஷின் நேரா 62 முதல் 65 வரைக்கும் போகும், 45 டிகிரியில 48-ஐ ஒட்டி. இழைச்ச 2 இஞ்ச் சட்டம் 45, 46 மி.மீ.தான் நிக்கும், அது ஒரே வெட்டுல முடிஞ்சிரும்.

சாய்வெட்டே இல்லாம சரிவைச் சட்டத்தோட அகலப் பக்கத்துல கோடு போட்டு வெட்டறீங்கன்னா, பிளேடு நேராவே நிக்கும், 165 தாராளம். எந்த வகை வெட்டு அதிகம்ன்னு முதல்ல எண்ணிப் பாருங்க.

தரையில ஷீட்டைப் போட்டு எட்டடி நீளத்துக்கு ஓட்டறதுல பின்பிடியை அடிச்சுக்க முடியாதுங்க. தள்ளற விசை பிளேடுக்கு நேர் பின்னாலிருந்து வருது. முன்பிடியும் பின்பிடியும் தள்ளித் தள்ளி இருக்கறதால மிஷின் கோணவும் விடாது. மேல்பிடியில கை தானா கீழ அமுக்கும், நீள வெட்டுல தோளு கடுக்கும்.

திருப்பூர் ப்ளைவுட்:
பிளேடு பக்கம் கேட்டாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லலைங்க.

வலது கைக்காரருக்கு பிளேடு இடப்பக்கம் இருந்தா கோடும் பல்லும் கண்ணுக்கு நேராத் தெரியும். வலப்பக்கம் இருந்தா மோட்டார் மறைக்கும். ஒண்ணு எட்டிப் பாக்கோணும், இல்லைன்னா அடித்தட்டோட முன் வெட்டுக்குறியை நம்பி ஓட்டோணும். பின்பிடி மிஷின் பெரும்பாலும் இடது பிளேடு. மேல்பிடியில ரெண்டும் வரும், பெட்டி மேல படத்தைப் பாத்து வாங்குங்க.

ஆனா இடது பிளேடுல ஒரு சங்கதி இருக்குது. அடித்தட்டோட அகலமான பாகம் பிளேடுக்கு வலப்பக்கம் வரும். அது தாங்கு இருக்கற பக்கம் உட்காரோணும். கழிவுத் துண்டு மேல மிஷின் உட்கார்ந்தா, வெட்டு முடியற கடைசி ரெண்டு இஞ்ச்ல துண்டு கீழ போகும், மிஷினும் கூடச் சாயும், பல்லு சட்டத்தைக் கடிக்கும். அதனால இடது பிளேடுக்காரர் கழிவை இடப்பக்கம் வர்ற மாதிரி போட்டு வெட்டோணும். வலது பிளேடுக்கு இது அப்படியே தலைகீழ்.

ஷீட்டுக்குக் கீழ ரீப்பர் நாலு போடுங்க, வெட்டுக்கோட்டுக்கு இந்தப்பக்கம் ரெண்டு, அந்தப்பக்கம் ரெண்டு. ஓரத்துல மட்டும் ரெண்டு போட்டா நடுவுல தொய்ஞ்சு வெட்டுவாய் பிளேடை இறுக்கும், மிஷின் பின்னால எகிறும். பின்பிடியில நம்ம தொடை அதுக்கு நேர் பின்னால இருக்குது, கோட்டுக்கு ஒதுங்கி நில்லுங்க. பல்லு ப்ளைவுட்டுக்குக் கீழ 3 முதல் 6 மி.மீ. வெளிய வந்தாப் போதும். வட்ட ரம்பத்துல பல்லு கீழிருந்து மேல ஏறி வெட்டுது, அதனால மேல்முகம்தான் பிசிறும். நல்ல முகத்தைத் தரைப்பக்கம் போடுங்க.

உடுமலை மரவேலை:
சாய்வெட்டு மாசத்துல ஒண்ணு ரெண்டுதாங்க வரும். அப்ப 165 மேல்பிடி, இடது பிளேடு. தென்னைக்கு எந்த பிளேடு போடறது?

காங்கேயம் ஷெட்:
அப்படின்னா 165 போதுங்க. சட்டத்துக்கு 24 பல்லு, ப்ளைவுட்டுக்கு 40 பல்லு, ரெண்டும் கார்பைடு நுனி வெச்சது, வாய், அதாவது வெட்டுத் தடிப்பு, மெலிசா இருக்கறது. தடிச்ச வாய் பேட்டரியைக் குடிச்சிரும். நடு ஓட்டை மிஷின் புத்தகத்துல போட்டிருக்கற அளவுக்கே இருக்கோணும், இந்த 165-ல பெரும்பாலும் 20 மி.மீ. வாஷர் போட்டுச் சமாளிக்காதீங்க.

தென்னையில தோல்பக்கம் கெட்டி, நடு மெது. அதனால பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்குனது எப்படித் தெரியும்ன்னா, தூள் பொடியா மாறும், வெட்டுமுகம் கருகும். அப்ப அழுத்தித் தள்ளாம பிளேடை மாத்துங்க. ஈரத் தென்னைன்னா நார், பிளேடோட கீழ்ப்பாதியைத் தானா மூடற கீழ்க்கார்டுக்கும் மேல இருக்கற பிளேடு மூடிக்கும் நடுவுல சுத்திக்கும். கார்டு பாதியிலயே நிக்கும், திரும்பி மூடாது. பத்து சட்டத்துக்கு ஒருக்கா பேட்டரியைக் கழட்டிட்டு கார்டை விரலால தள்ளி விட்டுப் பாருங்க, டக்குன்னு மூடோணும். மூடலைன்னா நாரை உருவி எடுங்க. கார்டை ஆப்பு வெச்சு நிறுத்தற பழக்கம் சென்டரிங் ஆளுககிட்ட இருக்குது, அது மட்டும் வேண்டாம். தொடையைக் கிழிச்சிரும்.

பிளேடு போல்ட்டைத் தளர்த்தறது பிளேடு சுத்தற திசையிலதான். எதிர்த்திசையில முறுக்குனா இறுகும்.

பல்லடம் தச்சு:
கடையில வாங்கும்போது பேட்டரியை மாட்டித் தூக்கிப் பாருங்க. சுவிட்ச் லாக் பட்டனைப் பெருவிரல் எட்டி அமுக்கோணும், விரலை நகர்த்திப் பிடிக்க வேண்டி வந்தா அந்த மாடல் வேண்டாம். மூலைமட்டத்தை அடித்தட்டுக்கும் பிளேடுக்கும் நடுவுல வெச்சுப் பாத்துட்டே காசு குடுங்க. பல்லு மேல வைக்காம பிளேடு தகட்டு மேல வைக்கோணும். 90 டிகிரி ஸ்குரூவைத் திருகி ஒளி தெரியாத அளவுக்கு அங்கயே சரி பண்ணச் சொல்லுங்க.