செர்த்து ஆச்சி கொள்ளுப்பேத்திக்குப் பேர் (குடும்பக் குழு)

ரூபன்: எல்லோருக்கும் வணக்கம். நிவியும் பாப்பாவும் நலம். ஆஸ்பத்திரியில் பெயர்ப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் குழந்தை பிறந்ததை ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் ஒரு மாதம் வரை இழுக்கலாம், ஆனால் சான்றிதழ் தள்ளினால் பாஸ்போர்ட் தள்ளும், பாஸ்போர்ட் தள்ளினால் டிசம்பர் ஞானஸ்நானம் தள்ளும். அதனால் இன்றைக்கே பேசிவிடுவோம்.

ஃபிலோ அத்தை: பேச என்ன இருக்கு. ஜெர்த்ரூத்.

அன்டோ: யார் அது

ஃபிலோ அத்தை: உன் பூட்டிடா. செர்த்து ஆச்சி.

அன்டோ: அவங்க பேரே செர்த்து இல்லையா

ஷர்மி அக்கா: ரேஷன் கார்டில் ஜெர்துரை என்று இருந்தது. பாலினம் ஆண்.

டைட்டஸ் மாமா: ஆண் என்று போட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

பெரியம்மா: குழந்தைக்கு ரெண்டு எழுத்தில் வாயில் நுழைகிற பேராக வைங்கப்பா.

ஃபிலோ அத்தை: அதானே. மதினிக்கு எங்கள் அம்மா பேர் எப்போதுமே வாயில் நுழையாது.

சேவியர் சித்தப்பா: சண்டை வேண்டாம். பெயரின் பொருளைத் தெரிந்துகொண்டு பேசுவோம். இது பழைய ஜெர்மானியப் பெயர். அந்தக் காலத்தில் அவர்கள் பெயரை இரண்டு துண்டாகச் சேர்ப்பார்கள். 'கேர்' என்றால் ஈட்டி. 'த்ரூத்' என்றால் வலிமை. பின்பாதியை 'அன்பான' என்று கொள்கிறவர்களும் உண்டு, எனக்கு வலிமைதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் வட ஐரோப்பியப் புராணத்தில் இடி தேவன் தோரின் மகள் பெயரே த்ரூத்தான். ஜெரார்டு, ரோஜர் இரண்டிலும் இருப்பது இதே ஈட்டி. எடெல்ட்ராவுட், வால்ட்ராவுட் என்று ஜெர்மன் கிழவிகளுக்கு இருக்கிறதே, அந்த வாலில் இருப்பது இதே வலிமை. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி என்று ஒட்டி வைப்பதும் உண்டு, அதனால் இரண்டையும் சேர்த்து வாக்கியமாகப் பொருள் தேடக் கூடாது.

டைட்டஸ் மாமா: ஈட்டியும் வலிமையுமா. மாமியார் கையில் எப்போதும் விளக்குமாறு இருந்த காரணம் இப்போது புரிகிறது மச்சான்.

ஃபிலோ அத்தை: உங்களுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

அன்டோ: அப்பாவும் அம்மாவும் பாதிப் பாதியா? அப்படிப் பார்த்தால் பாப்பா பேர் ரூநி

ஷர்மி அக்கா: நீ படிக்கப் போ.

ரூபன்: சித்தப்பா, பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே இருக்கிற சிக்கல் வேறு. ஆபீசில் ஒருவரிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "என் பாட்டியின் அக்கா" என்றார். ஜெர்த்ரூத்தை இங்கே கெர்ட்ரூட் என்பார்கள், 1900க்கு அப்புறம் ஒரு இருபது வருடம் தெருவுக்குத் தெரு கெர்ட்ரூட்தானாம். ட்ரூடே, கெர்ட்டி, ட்ராவுடெல் என்று வீட்டுக்கு ஒரு சுருக்கம். அவ்வளவு பேர் வைத்ததாலேயே அந்தத் தலைமுறையோடு பெயரும் வயதாகிவிட்டது. இப்போது புதிதாகப் பிறக்கிற குழந்தைக்கு யாரும் வைப்பதில்லை. எம்மா, ஃப்ரீடா, இடா, மத்தில்டா எல்லாம் இதே போலக் கிழவிப் பெயர்கள்தான், அவை திரும்ப வந்துவிட்டன, பாலர் பள்ளியில் கூப்பிட்டால் நாலு எம்மா திரும்பிப் பார்க்கும். கெர்ட்ரூட்டை மட்டும் ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பெரியம்மா: பார்த்தீங்களா. ஊர்க்காரனே வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

சேவியர் சித்தப்பா: மதினி, அது வேறு. அவர்களுக்கு அது பாட்டி பெயர், நமக்கு அர்ச்சியசிஷ்டவள், அதாவது புனிதை பெயர். அதிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாமவர் நிவெல் ஊர் ஜெர்த்ரூத், இன்றைய பெல்ஜியம். அப்பா பிப்பின், பிராங்க் அரசர்களின் அரண்மனை மேலாளர், ராஜாவுக்கு அடுத்த ஆள். பெரிய இடத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள், சின்னப் பெண் அப்போது, முடியாது என்று சொல்லிவிட்டார். கணவர் இறந்தபின் அம்மா மடம் கட்டினார், அதில் மகள் தலைவி. 659 மார்ச் 17 இல் இறந்தார், முப்பதை ஒட்டிய வயதுதான். சுரூபத்தில் (சிலையில்) காலடியிலும் கோலிலும் எலி ஏறிக்கொண்டிருக்கும். எலித் தொல்லைக்கு வேண்டிக்கொள்வார்கள், தோட்ட வேலையை அவர் திருநாளில் தொடங்குவார்கள். இப்போது பூனை வளர்க்கிறவர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலி என்று சொல்கிறார்கள், அது மிகச் சமீபத்து வழக்கம்.

அன்டோ: பூனை செயிண்ட்டா! எனக்கு ஓகே, வைங்க

ஃபிலோ அத்தை: அம்மாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. மீன் காய வைத்தால் வாசலிலேயே கம்போடு உட்கார்ந்திருப்பாள்.

டைட்டஸ் மாமா: கம்பு இல்லை. ஈட்டி.

ஷர்மி அக்கா: அப்புறம் ஞானஸ்நான விழாவுக்கு ஹால் விஷயம் யாராவது சொல்லுங்கள். டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை அல்ல, நான் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் இப்போதே முன்பணம் கேட்கிறார்கள்.

சேவியர் சித்தப்பா: ஷர்மி, ஒரு நிமிடம். இரண்டாவது ஜெர்த்ரூத் ஹெல்ஃப்டா மடத்துக்காரர், ஜெர்மனியில் ஐஸ்லேபென் ஊர்ப் பக்கம், அந்த ஊரில்தான் பின்னாளில் லூத்தர் பிறந்தார். 1256 இல் பிறந்து, ஐந்து வயது ஆவதற்குள் மடத்துக்கு வந்து, 1302 வாக்கில் இறந்தார். லத்தீனில் எழுதினார். 'பெரிய' என்ற பட்டம் இவருக்குத்தான். திருநாள் நவம்பர் 16. இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற நவம்பர் ஆத்துமாக்கள் மாதத்தில் அம்மா முழங்காலில் நின்று சொல்லுவாளே ஜெர்த்ரூத்தம்மாள் ஜெபம், இவர் பெயரில் உள்ளது. அம்மாவும் நவம்பரில் பிறந்தவள். சாமியார் காலண்டரைப் பார்த்து வைத்திருப்பார்.

ஃபிலோ அத்தை: ஆமா. அந்த ஜெபப் புத்தகம் என்னிடம்தான் இருக்கு.

பெரியம்மா: புத்தகம் மட்டுமா இருக்கு.

ஷர்மி அக்கா: அம்மா, வேண்டாம்.

பெரியம்மா: நான் என்ன சொன்னேன். என் பேர் வைக்கிற பேத்திக்கு அந்த ஆறு பவுன் சங்கிலி என்று அத்தை சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

டைட்டஸ் மாமா: ஷர்மிக்கு வைத்திருந்தால் அன்றைக்கே வந்திருக்கும்.

பெரியம்மா: அவள் பள்ளிக்கூடத்தில் செர்த்து செர்த்து என்று கேலி பண்ணியிருப்பார்கள். நான் செய்தது சரி.

ஷர்மி அக்கா: அந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி.

ஃபிலோ அத்தை: ரூபன், நிவி என்ன சொல்றா?

நிவி: வணக்கம் அத்தை. நான் நிலா என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அந்தப் பெயர் இருக்கிறது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

பெரியம்மா: நிலா. எவ்வளவு அழகு.

சேவியர் சித்தப்பா: நிலா என்றால் கோவிலில் சாமியார் ஒத்துக்கொள்வாரா? புனிதர் பெயர் ஒன்று கேட்பாரே.

ஷர்மி அக்கா: அது ஞானஸ்நானப் பெயராகத் தனியாக வைக்கலாம் சித்தப்பா. என் மகனுக்கும் அப்படித்தான்.

அன்டோ: எனக்கு என்ன பேர் வச்சீங்க??

ஷர்மி அக்கா: அந்தோணி. அதில் என்ன சந்தேகம் உனக்கு.

நிவி: இன்னொன்று. இங்கே பெயரைப் பார்த்தாலே ஆணா பெண்ணா தெரிய வேண்டும் என்று முன்பு அடம் பிடிப்பார்களாம். மகளுக்குக் கிரண் என்று வைக்க ஒரு குடும்பம் போராடி, அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2008 இல் ஜெயித்திருக்கிறது. நிலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டைட்டஸ் மாமா: ஜெர்துரைக்குத்தான் வழக்கு போட வேண்டியிருக்கும்.

சேவியர் சித்தப்பா: ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜெர்மன் பெயர் நமக்கு எதற்கு என்று மதினி கேட்பது போல இருக்கிறது. நம் வீட்டுப் பெயரே அதுதான். ஃபெர்னாண்டோ போர்ச்சுகீசியப் பெயர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அதற்கும் முன்னால் அது ஜெர்மானியப் பெயர். விசிகோத் என்ற ஜெர்மானியக் கூட்டம் ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் பக்கம் போய் 711 வரை ஆண்டது. 'நந்த்' என்றால் துணிச்சல், முன்பாதி பயணம் என்றும் சமாதானம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ரொட்ரிகோவும் அப்படித்தான், புகழும் ஆட்சியும், அவர்களுடைய கடைசி ராஜாக்களில் ஒருவன் பெயர். 1530களில் முத்துக்குளித்துறையில், நம் தூத்துக்குடிக் கரையில், நம் ஆட்கள் ஞானஸ்நானம் வாங்கினபோது போர்ச்சுகீசியர் பெயர்கள் நமக்கு வந்தன. ஆக நம் தெருவில் அந்த வீட்டில் ஃபெர்னாண்டோ இந்த வீட்டில் ரொட்ரிகோ என்று இருக்கிறோமே, எல்லாமே பழைய ஜெர்மன்காரன் குழந்தைக்கு வைத்த பெயர்கள். ரூபன் பாப்பா அந்த ஊரிலேயே போய்ப் பிறந்திருக்கிறாள், அவள் படிவத்தில் ஃபெர்னாண்டோ என்று எழுதினால் ஒருவருக்கும் சிரிப்பு வராது, கெர்ட்ரூட் என்றால் மட்டும் வருகிறது. இது வெறும் பழக்கம்.

ரூபன்: இது எனக்குத் தெரியாது சித்தப்பா. நல்லா இருக்கு.

டைட்டஸ் மாமா: பயணத்துக்குத் துணிந்தவனா. மச்சான் மணியாச்சி தாண்டியதில்லை.

சேவியர் சித்தப்பா: அத்தான், நான் வேளாங்கண்ணி போயிருக்கிறேன்.

ஃபிலோ அத்தை: கெர்ட்ரூட் என்று பேர் வைத்து ஒருத்தி கடலை நீந்தினாளே, நீ முன்பு சொல்வாயே சேவியர்.

சேவியர் சித்தப்பா: கெர்ட்ரூட் எடர்லே. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன குடும்பம், அப்பா இறைச்சிக் கடைக்காரர். 1926 ஆகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண். அதுவரை கடந்த ஆண்கள் எல்லோரையும் விட வேகம். கெர்ட்ரூட் எலியன் என்று மருந்து கண்டுபிடித்த அம்மா 1988 இல் நோபல் வாங்கினார்.

அன்டோ: நீச்சல், நோபல், பூனை. போதும், ஃபைனல் பண்ணுங்க

நிவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியம்மா: என்ன போட்டு அழித்தாய் நிவி?

ரூபன்: ஒன்றும் இல்லை பெரியம்மா, பாப்பா அழுகிறாள். இங்கே இரண்டு முதற்பெயர் வைக்கலாம். நிலா கெர்ட்ரூட் ஃபெர்னாண்டோ. கூப்பிடுவது நிலா. இரண்டாவது படிவத்தில் மட்டும் இருக்கும். எல்லோருக்கும் சரியா?

ஃபிலோ அத்தை: இரண்டாவதாகவா.

டைட்டஸ் மாமா: சங்கிலியில் பாதி வெட்டிக் கொடுக்கலாம்.

ஃபிலோ அத்தை: நீங்கள் சும்மா இருங்கள். ஜெர்த்ரூத் நிலா என்று வைத்தால் என்ன? கூப்பிடுவது நிலா என்றே இருக்கட்டும். முதலில் அம்மா பேர் வரட்டும்.

பெரியம்மா: பள்ளிக்கூடத்தில் முதல் பேரைத்தான் கூப்பிடுவான்.

ஷர்மி அக்கா: எழுத்தும் முடிவு பண்ணுங்கள். ஜெர்மன்காரர் எழுதுவது போலா, ஆச்சி கல்லறையில் இருப்பது போலா? கல்லறையில் இருப்பதும் தப்பாகத்தான் இருக்கிறது.

ஃபிலோ அத்தை: கல்லறைக்கு எழுத்து வெட்டின காசு இன்னும் பாதிப் பேர் தரவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சேவியர் சித்தப்பா: நான் கொடுத்துவிட்டேன்.

டைட்டஸ் மாமா: நானும். (வீட்டிலேயே கழித்துக்கொண்டாள்.)

சேவியர் சித்தப்பா: பெயர் வரிசை பற்றி விளக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். (குரல் பதிவு, 7 நிமிடம்)

அன்டோ: யாராவது கேட்டுட்டுச் சொல்லுங்க

ரூபன்: நிவி ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். படிவத்தை வியாழன் கொடுக்க வேண்டும். அத்தை, உங்களுக்குத் தனியாகக் கூப்பிடுகிறேன்.

ஃபிலோ அத்தை: கூப்பிடு. வரும்போது மக்ரூன் எத்தனை கிலோ வேண்டும் என்று இப்போதே சொல்லு, கிறிஸ்துமஸ் நேரம் கிடைக்காது.

ஷர்மி அக்கா: ஹால்காரர் திரும்ப போன் போட்டுவிட்டார். 28க்கு முன்பணம் கட்டட்டுமா இல்லையா? விழா யார் பேருக்கு என்று கேட்கிறார்.