ஐஸ்பிரேக்கர், எனர்ஜைசர்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பயிற்சி வகுப்புச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், புது ஆட்களின் கூச்சம் போக வகுப்புத் தொடக்கத்தில் நடத்தும் 'ஐஸ்பிரேக்கர்' ஆட்டத்துக்குப் 'பனியுடைப்பு' என்ற சொல் வந்திருக்கிறது. வகுப்பு நடுவில் தொய்வைப் போக்க நடத்தும் 'எனர்ஜைசர்' பற்றிக் கேட்டபோது, இரண்டையும் சேர்த்து 'உற்சாக விளையாட்டு' என்று முடித்துவிடலாம் என்றார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவதுதான் என் வேலை. உறைந்த ஆற்றில் பனியை உடைத்துப் படகுக்கு வழி செய்கிற குளிர்நாட்டில் 'பனியுடைப்பு' என்ற உருவகம் பொருந்தும். காசிமேட்டில் ஐஸ் உடைப்பது என்றால், கடலுக்குக் கிளம்பும் விசைப்படகில் ஏற்றப் பாளம் பாளமான ஐஸை நொறுக்குவது. ஒருவருக்கு ஐஸ் வைப்பது என்றால் அது வேறு சங்கதி. புது ஆட்கள் நடுவில் வந்து உட்காருகிறவருக்கு இருப்பது கூச்சம். அது உடைவதில்லை, முகம் பழகப் பழகத் தெளிகிறது.

அதனால் நான் சொல்வது 'முகப்பழக்கம்'. புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'அவரோடு முகப்பழக்கம் உண்டு, அவ்வளவுதான்' என்று எப்போதும் சொல்கிறோமே, அதே சொல். இன்னொரு நன்மையும் உண்டு. எந்த வகுப்புக்கு இது தேவை, எதற்குத் தேவையில்லை என்று பயிற்சியாளருக்கு அந்தப் பெயரே சொல்லிவிடும்.

இதை ஒரு பராமரிப்புப் பிரிவில் கற்றேன். 22 பேர். எல்லா வகுப்பிலும் செய்வதுபோல் ஒரு பந்தைக் கொடுத்து, 'பெயரையும் பிடித்த பழத்தையும் சொல்லி அடுத்தவருக்கு வீசுங்கள்' என்றேன். மூன்றாவது ஆள் தலை நரைத்த பெரியவர். பந்தைக் கையில் வைத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இருவது வருசமா ஒரே கேன்டீன்ல துன்றோம் சார், பேரு தெரியாதா?" என்று சொல்லி அதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டார். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவர்களுக்குள் முகம் பழக எதுவும் மீதி இல்லை. இப்போது அப்படிப்பட்ட வகுப்பில், 'இந்த மாதம் மயிரிழையில் தப்பிய ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் சொல்லுங்கள்' என்று தொடங்குகிறேன். பாடத்துக்குள் நேராகப் போய்விடுகிறோம். புதிதாகச் சேர்ந்தவர்கள், பல ஒப்பந்தக்காரர்களிடமிருந்து வந்தவர்கள் கலந்து உட்காரும் வகுப்பில்தான் பெயர் ஆட்டம் பலன் தரும்.

எனர்ஜைசர் வேறு. அது தொடக்கத்துக்கு உரியதல்ல, தொய்வுக்கு உரியது. 'ஊக்கி' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது வேதியியலில் வினையூக்கியாக முன்பே வேலையில் இருக்கிறது. 'உற்சாகமூட்டி' கேட்டால் யாரோ ஒருவர் முன்னால் நின்று உற்சாகப்படுத்துகிற மாதிரி இருக்கிறது. நடப்பது அதுவல்ல. மதியம் 2.15 மணிக்கு எல்லோரும் எழுந்து இருவர் இருவராக நிற்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எண்ண வேண்டும். அப்புறம் 'ஒன்று' வரும் இடத்தில் கைதட்டல், அடுத்த சுற்றில் 'இரண்டு' வரும் இடத்தில் காலால் தரையைத் தட்டுவது. பாதுகாப்பு பூட்ஸ் போட்ட கால்கள் தட்டும்போது அறையே அதிரும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை, முட்டிவலிக்காரர் உட்கார்ந்தே ஆடலாம். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை உண்டு: சோம்பல் முறிப்பது. அதிலிருந்து 'சோம்பல்முறி'.

*

மறுமொழிகள் பார்த்தேன், நன்றி.

'சோம்பல்' என்றால் தொழிலாளியைச் சோம்பேறி என்பதுபோல் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. தூங்கி எழுந்தவர் கையை நீட்டிச் சோம்பல் முறித்தார் என்று படிக்கும்போது நாம் அவரைச் சோம்பேறியாக நினைப்பதில்லையே. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பதும் யாரையும் குறை சொல்வதில்லை. சாப்பாடு மட்டும் காரணமும் அல்ல. மதியத்துக்குப் பிறகு உடலின் நாள்கடிகாரமே சற்றுத் தொய்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வகுப்புக்கு வருகிறவருக்குக் காலையிலேயே அது தேவைப்படும்.

உளவியலாளர் கர்ட் லெவின் 1947இல் மாற்றத்தை விளக்க உறைநிலையைத் தளர்த்துவது, நகர்த்துவது, மறுபடி உறையவைப்பது என்று எழுதியதால் பனி உருவகத்தைக் காக்க வேண்டும் என்ற கருத்துக்கும் ஒரு பதில். அவர் பேசியது ஒரு குழுவின் இறுகிப்போன பழக்கங்களைப் பற்றி. முதல் பத்து நிமிடத்துக் கூச்சம் அதில் சேராது. அங்கே 'உறைதளர்வு' என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம்.

'முகப்பழக்கு' என்று வினையாக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். யானையைப் பழக்குவதுதான் காதில் விழுகிறது. 'முகப்பழக்க ஆட்டம்' போதும்.

திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு. நிரலில் 9.30க்கு 'முகப்பழக்கம்', 2.15க்கு 'சோம்பல்முறி' என்றே அச்சிடக் கொடுத்திருக்கிறேன். மாலையில் அவர்கள் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று கேட்டு எழுதுகிறேன்.